வீட்டு ஸ்டூடியோவில் முழுக் கச்சேரியைத் தனித்தனி ட்ராக்குகளாகப் பதிவு செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

இரண்டு மைக் செருகி, ஒலியைக் கணினிக்கு அனுப்பும் 'ஆடியோ இன்டர்ஃபேஸ்' என்ற ஒரு சின்னப் பெட்டியோடுதான் நம்மில் பலரும் வீட்டு ரெக்கார்டிங்கைத் தொடங்குகிறோம். ஒரு குரலும் ஒரு கிட்டாரும், அல்லது ஒரு குரலும் சுருதிப் பெட்டியும் பதிவு செய்ய அது தாராளமாகப் போதும். "நம்ம வீட்டுலயே ஒரு கச்சேரி ரெக்கார்ட் பண்ணிடலாமா?" என்று தெரிந்த பாடகர் ஒருவர் கேட்கிற வரைக்கும்தான் அந்த நிம்மதி.

விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். பாட்டுக்கு 1, வயலினுக்கு 1, மிருதங்கத்துக்கு 2, கடத்துக்கு 1, தம்புராவுக்கு 1, அறையின் மொத்த ஒலிக்கு 2. எட்டு ஆகிவிட்டது. கூடவே கஞ்சிராக்காரரும் வந்தால் ஒன்பது. கடத்தின் வாய்க்கும் வயிற்றுக்கும் தனித்தனி மைக் வைத்தால் பத்து. ஆகவே இரண்டிலிருந்து எட்டுக்குப் போவதாக நினைத்துத் தொடங்கினாலும், கடைசியில் பத்துக்கும் பதினாறுக்கும் நடுவில்தான் போய் நிற்போம். வாங்கும்போதே அந்த எண்ணிக்கையை மனதில் வைத்துக்கொண்டால் இரண்டு முறை செலவு செய்ய வேண்டியிருக்காது.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எடுக்கத்தான் வேண்டுமா?

பணத்தை எடுப்பதற்கு முன் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். மெல்லிசைப் பாட்டு, பக்திப் பாடல், குறும்படத்துக்கான பின்னணி இசை போன்றவற்றை ஒவ்வொரு கருவியாக, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்யலாம். கிளிக் ட்ராக் (தாளம் காட்டும் சத்தம்) ஓடும், முதலில் கீபோர்டு, அப்புறம் தபலா, அப்புறம் குரல். இரண்டு இன்புட்டே போதும். இதற்காக எட்டு இன்புட் வாங்கினால் ஆறு சும்மா கிடக்கும்.

கச்சேரியில் இது நடக்காது. கல்பனாஸ்வரத்தில் பாடகர் ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) பாடுவார், வயலின்காரர் அதைக் கேட்டுப் பதில் சொல்வார், அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு மிருதங்கக்காரர் சொல்லை (தாள அடிகளை) மாற்றுவார். இவர்களைத் தனித்தனி நாளில் உட்கார வைத்தால் கிடைப்பது கச்சேரி ஆகாது. பறையும் நாதஸ்வரமும் சேர்ந்து வாசிக்கும் குழுவுக்கும், டிரம் செட்டோடு வாசிக்கும் ராக் பேண்டுக்கும் இதே கதைதான். டிரம் செட் ஒன்றுக்கே எட்டு மைக் போய்விடும்.

உங்கள் முன் இருக்கும் வழிகள்

முதலில் இப்போது கையில் இருக்கும் இன்டர்ஃபேஸின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சதுரமான, சின்னக் கதவு போட்ட ஆப்டிக்கல் துளை ஒன்று இருந்து, அதன் அருகே 'ஏடாட் இன்' (ADAT IN) என்று எழுதியிருந்தால் நீங்கள் பாக்கியசாலி. எட்டு ப்ரீஆம்ப் (மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பகுதி) கொண்ட இன்னொரு பெட்டியை வாங்கி, ஒற்றை ஆப்டிக்கல் கேபிளால் இணைத்தால் எட்டு இன்புட் கூடிவிடும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் வரிசையில் 2ஐ2, 4ஐ4 இரண்டிலும் இந்த வசதி கிடையாது. 18ஐ8, 18ஐ20 மாடல்களில் உண்டு. பெஹ்ரிங்கர் யூஎம்சி1820-இலும் உண்டு.

ஏடாட் துளை இல்லையா? இருப்பதை விற்றுவிட்டு, எட்டு மைக் ப்ரீஆம்போடு ஏடாட் இன்புட்டும் உள்ள ஒன்றுக்கு மாறுங்கள். இன்று எட்டு போதும் என்றாலும் நாளைக்குப் பதினாறுக்குப் போகும் கதவு திறந்தே இருக்கும். என்னைக் கேட்டால் வீட்டு ஸ்டூடியோவுக்கு இதுதான் நேரான வழி.

மூன்றாவது வழி, யூஎஸ்பி உள்ள டிஜிட்டல் மிக்ஸர். பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர்18 போன்றவற்றில் 16 மைக் ப்ரீஆம்ப் இருக்கும், ஒரே யூஎஸ்பி கேபிளில் 18 தனித்தனி ட்ராக் கணினிக்குப் போகும். கோயில் கச்சேரிக்கும் சபாவுக்கும் எடுத்துப் போய் அங்கேயே ஒலியும் அமைத்து, பதிவும் செய்ய நினைப்பவருக்கு இது பொருத்தம். ஆனால் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். யூஎஸ்பி இருக்கிற எல்லா மிக்ஸரும் பல ட்ராக் தராது. விலை குறைந்த அனலாக் மிக்ஸர்கள் பலவற்றில் கலந்து முடித்த இடது, வலது ஆகிய இரண்டு ட்ராக் மட்டும்தான் யூஎஸ்பியில் வெளியே வரும். பெட்டியின்மேல் '12 சேனல், யூஎஸ்பி' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய.

கடைசி வழி, கையில் உள்ள இரண்டு இன்டர்ஃபேஸ்களை ஒரே கணினியில் செருகி ஒன்றாகப் பயன்படுத்துவது. மேக்கில் 'ஆடியோ மிடி செட்டப்' என்ற செயலிக்குள் போய் இரண்டையும் ஒரே கருவிபோலச் சேர்க்கலாம். விண்டோஸில் பெரும்பாலான மென்பொருள்கள் ஒரு நேரத்தில் ஒரு ஏசியோ டிரைவரைத்தான் (இன்டர்ஃபேஸை மென்பொருளோடு இணைக்கும் நிரல்) ஏற்கும் என்பதால் சுற்றுவழி தேட வேண்டும். அவசரத்துக்கு ஆகும், ஆனால் நம்பி ஒரு கச்சேரியை ஒப்படைக்க மாட்டேன். ஏன் என்பதைச் சொல்வதற்கு முன் அந்த ஆப்டிக்கல் கேபிளைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

ஒரு கேபிளில் எட்டு ட்ராக்

1991-இல் அலெசிஸ் நிறுவனம் ஏடாட் என்ற பெயரில் ஒரு டிஜிட்டல் ரெக்கார்டரை அறிமுகப்படுத்தியது. வீடியோ பார்க்கப் பயன்பட்ட எஸ்-விஹெச்எஸ் கேசட்டிலேயே எட்டு ட்ராக் பதிவாகும். அந்த இயந்திரம் காணாமல் போய்விட்டது. ஆனால் எட்டு ட்ராக்கையும் ஒளியாக மாற்றி ஒரே கேபிளில் அனுப்ப அவர்கள் வைத்த முறை, எல்லா நிறுவனங்களுக்கும் பொது மொழியாகி இன்றும் ஓடுகிறது. எந்த நிறுவனத்தின் இன்டர்ஃபேஸோடும் எந்த நிறுவனத்தின் எட்டு சேனல் பெட்டியையும் இணைக்கலாம். பெஹ்ரிங்கர் ஏடிஏ8200, ஃபோகஸ்ரைட் ஆக்டோப்ரீ, ஆடியன்ட் ஏஎஸ்பி800 எல்லாம் இந்த வகைதான்.

இதில் மூன்று சிக்கல்கள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது, எட்டு ட்ராக் என்பது நொடிக்கு 44,100 அல்லது 48,000 சாம்பிள் (ஒலியின் அளவீடு) எடுக்கும்போது மட்டும். 96 கிலோஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 96,000) ஏற்றினால் அதே கேபிளில் நான்கு ட்ராக்தான் போகும். 192 என்றால் இரண்டு. சில பெட்டிகள் 48-ஐத் தாண்டவே தாண்டாது, ஏடிஏ8200 அப்படிப்பட்டது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று முடிவு செய்துவிட்டு மேலே போங்கள். யூடியூப் வீடியோவுக்கும் 48தான் தோது.

இரண்டாவது, இதே வடிவத் துளையும் இதே கேபிளும் டிவியிலிருந்து சவுண்ட்பாருக்குப் போகும் எஸ்பிடிஃப் என்ற இரண்டு சேனல் முறைக்கும் பயன்படுகின்றன. பல இன்டர்ஃபேஸ்களில் ஒரே துளை இரண்டு வேலையும் செய்யும். மென்பொருளில் 'ஏடாட்' என்று தேர்ந்தெடுக்காவிட்டால் எட்டு ட்ராக் வரவே வராது.

மூன்றாவதைச் சொன்னால் சிரிப்பீர்கள். புது ஆப்டிக்கல் கேபிளின் இரு முனையிலும் கண்ணாடிபோல ஒரு குட்டிப் பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்றாமல் செருகப் பார்த்து, உள்ளே போகவில்லையே என்று அழுத்தித் துளைக் கதவை உடைத்தவர்கள் உண்டு. மூடியை எடுத்ததும் ஒரு முனையை மட்டும் பெட்டியின் 'அவுட்'டில் செருகுங்கள், மறுமுனையில் சிவப்பு வெளிச்சம் தெரிய வேண்டும். தெரிந்தால் கேபிள் நல்லது. மடித்துக் கட்டாதீர்கள், நாற்காலிச் சக்கரம் ஏறும் இடத்தில் போடாதீர்கள், ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் வாங்காதீர்கள்.

தாளம் ஒருவர் கையில்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

ஒவ்வொரு டிஜிட்டல் பெட்டிக்குள்ளும் ஒரு கடிகாரம் இருக்கிறது. நொடிக்கு 48,000 முறை 'இப்போது எடு, இப்போது எடு' என்று சொல்வது அதுதான். இரண்டு பெட்டி என்றால் இரண்டு கடிகாரம். இரண்டுமே 48,000 என்றுதான் சொல்லும், ஆனால் துல்லியமாக ஒன்றாக ஓடா. ஒரு கச்சேரியில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தனித்தனியாகத் தாளம் போட்டால் என்ன ஆகும்? முதல் பத்து ஆவர்த்தனம் சேர்ந்து போகும், அப்புறம் மெல்ல விலகும். பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தால்கூட ஒரு மணி நேரத்தில் 72 மில்லிசெகண்ட் விலகிவிடும். மேல்காலத்தில் மிருதங்கம் வாசிக்கும்போது அந்த இடைவெளியில் ஒரு சொல் முழுதாக விழுந்துவிடும்.

ஆப்டிக்கல் கேபிளால் இணைத்த இரண்டு பெட்டிகளும் தத்தம் கடிகாரத்தில் ஓடினால் விலகல் வேறு மாதிரித் தெரியும். ஒரு பெட்டி அனுப்பும் சாம்பிளை இன்னொன்று அவ்வப்போது தவறவிடும், அல்லது இருமுறை எடுக்கும். அதுதான் 'டிக்' என்று கேட்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. புதிதாக வாங்கிய எட்டு சேனல் பெட்டியில் வயலினையும் தம்புராவையும் செருகி, ஒரு மாலை முழுக்கப் பதிவு செய்தேன். அலை வடிவம் அழகாக ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் காபி குடித்துவிட்டுப் போன பிறகு, ராத்திரி பதினோரு மணிக்கு ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டால், வயலின் ட்ராக்கில் சில நொடிகளுக்கு ஒரு முறை ஒரு குட்டி 'டிக்'. முதலில் கேபிள் என்று நினைத்தேன். பிறகு வில்லில் ஏதோ என்று நினைத்தேன். தம்புரா ட்ராக்கிலும் சரியாக அதே இடத்தில் அதே 'டிக்' இருந்ததைப் பார்த்தபோதுதான் விளங்கியது. பெட்டியின் பின்னால் ஒரு சின்ன சுவிட்ச், அதை நான் தொடவே இல்லை. நீண்ட ஆலாபனையில் நூற்றுக்கணக்கான 'டிக்'குகளை ஒவ்வொன்றாக அழித்த அந்த வாரத்தை மறக்க மாட்டேன்.

ஆகவே ஒரு பெட்டி தாளம் போட வேண்டும், மற்றது அதைப் பார்த்துத் தொடர வேண்டும். இதற்கு இரண்டு வழி.

எட்டு சேனல் பெட்டியே தாளம் போடலாம். அதன் சுவிட்சை 'இன்டர்னல் 48'-இல் வையுங்கள். இன்டர்ஃபேஸின் மென்பொருளில் கிளாக் அல்லது சிங்க் என்ற இடத்தில் 'ஏடாட்' என்று மாற்றுங்கள். ஒரு கேபிள் போதும். குறை என்னவென்றால், வெறும் குரல் பதிவு செய்யும் நாளில் அந்தப் பெட்டியை அணைத்து வைத்திருந்தால் இன்டர்ஃபேஸ் தாளம் இல்லாமல் தவிக்கும், அமைப்பைத் திரும்ப மாற்ற வேண்டும்.

அல்லது இன்டர்ஃபேஸ் தாளம் போடலாம். அதில் 'இன்டர்னல்' அப்படியே இருக்கட்டும். இன்டர்ஃபேஸின் 'ஏடாட் அவுட்'டிலிருந்து பெட்டியின் 'ஏடாட் இன்'னுக்கு இன்னொரு ஆப்டிக்கல் கேபிள் போடுங்கள், பெட்டியின் சுவிட்சை 'ஏடாட் இன்'னுக்குத் தள்ளுங்கள். இரண்டிலும் கடிகாரத் துடிப்பை மட்டும் அனுப்பும் வேர்ட் கிளாக் துளை இருந்தால் பிஎன்சி கேபிளாலும் இதைச் செய்யலாம். கூடுதலாக ஒரு கேபிள்தான் செலவு, ஆனால் மென்பொருளில் சாம்பிள் ரேட்டை மாற்றினால் பெட்டி தானாகப் பின்தொடரும். நான் இப்படித்தான் வைத்திருக்கிறேன்.

எந்த வழியானாலும், தொடரும் பெட்டியில் 'லாக்' அல்லது 'சிங்க்' என்ற விளக்கு நிலையாக எரிய வேண்டும். அது மின்னினால் ரெக்கார்ட் பட்டனைத் தொடாதீர்கள்.

இரண்டு யூஎஸ்பி இன்டர்ஃபேஸ்களைச் சேர்ப்பதை ஏன் நம்பமாட்டேன் என்று இப்போது புரிந்திருக்கும். மேக்கில் 'டிரிஃப்ட் கரெக்‌ஷன்' என்ற தேர்வுக் கட்டம் ஒன்று உண்டு, இரண்டாவது கருவிக்கு அதைத் தேர்ந்தெடுத்தால் மென்பொருளே விலகலைத் திருத்திக்கொண்டு போகும். ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரி, வீட்டுக்குள் கட்டலாம்.

கணினிப் பக்கம்

யூஎஸ்பி 2.0 இத்தனை ட்ராக்கைத் தாங்குமா என்று கேட்பவர்கள் உண்டு. 18 ட்ராக், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு சுமார் 21 மெகாபிட். யூஎஸ்பி 2.0-இன் வேகம் 480. கவலையே வேண்டாம். கவலைப்பட வேண்டியது நடுவில் செருகும் மலிவான யூஎஸ்பி ஹப்பைப் பற்றி. இன்டர்ஃபேஸை நேராக லேப்டாப்பில் செருகுங்கள்.

இடக் கணக்கு இப்படி. ஒரு மோனோ ட்ராக் நிமிடத்துக்கு 8.64 எம்பி. பத்து ட்ராக் என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 5.2 ஜிபி. இரண்டரை மணி நேரக் கச்சேரிக்கு 13 ஜிபி. எஸ்எஸ்டியில் குறைந்தது 40 ஜிபி காலியாக வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஒவ்வொரு மைக்கும் தனி மோனோ ஃபைலாகப் பதிவாகட்டும். எட்டையும் ஒரே வேவ் ஃபைலாக எடுக்கும்படி அமைத்தால், ஒரு மணி நேரம் தாண்டியதும் பழைய வேவ் வடிவத்தின் 4 ஜிபி எல்லையில் போய் முட்டும்.

மென்பொருள் எதுவானாலும் சரி, இன்டர்ஃபேஸோடு இலவசமாக வரும் குறைந்த பதிப்புகளில் ட்ராக் எண்ணிக்கைக்கோ, ஒரே நேர இன்புட்டுக்கோ வரம்பு வைத்திருப்பார்கள். முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். நான் ரீப்பர் பயன்படுத்துகிறேன், அதில் அப்படி வரம்பு இல்லை. ஆனால் அதிலும் ஒரு இடறல் உண்டு. ஆடியோ டிவைஸ் அமைப்புப் பக்கத்தில் முதல் இன்புட், கடைசி இன்புட் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். கடைசி இன்புட் 2 என்றே நின்றுவிட்டால் ட்ராக்கில் மூன்றாவது மைக்கைத் தேடினாலும் கிடைக்காது. அதை 18-க்கு மாற்றுங்கள்.

ஏடாட் ட்ராக்குகள் எந்த எண்ணில் வருகின்றன என்பதும் குழப்பும். 18 இன்புட் இன்டர்ஃபேஸ்களில் பெரும்பாலும் 1 முதல் 8 வரை முன்பக்க மைக்குகள், 9, 10 எஸ்பிடிஃப், 11 முதல் 18 வரை ஏடாட். அதாவது இரண்டாவது பெட்டியின் முதல் மைக், மென்பொருளில் 11-ஆக வரும். ஒன்பதில் தேடிக்கொண்டிருந்தால் அமைதிதான் பதிவாகும்.

ட்ராக்குகளுக்குப் பதிவுக்கு முன்பே பெயர் வையுங்கள். பெயர்தான் ஃபைல் பெயராகும். 'வலந்தலை', 'தொப்பி' (மிருதங்கத்தின் வலது, இடது பக்கங்கள்), 'வயலின்' என்று இருந்தால் ஆறு மாதம் கழித்தும் தெரியும். 'ட்ராக் 07' யார் என்று அப்போது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

மின்சாரம், பேன்டம், கேபிள்

கண்டென்சர் வகை மைக்குக்கு 48 வோல்ட் பேன்டம் (மைக் கேபிள் வழியாகவே போகும் மின்சாரம்) வேண்டும். விலை குறைந்த எட்டு சேனல் பெட்டிகளில் எட்டுக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச்தான் இருக்கும். அதனால் மைக்குகளைப் பிரித்து வையுங்கள். கண்டென்சர் எல்லாம் ஒரு பெட்டியில். டைனமிக் மைக்குக்கு, கேபிள் ஒழுங்காக இருந்தால், பேன்டத்தால் கெடுதல் இல்லை. ரிப்பன் மைக்கையும் எலக்ட்ரானிக் தம்புராவின் வெளியீட்டையும் மட்டும் பேன்டம் போகும் எக்ஸ்எல்ஆர் (மூன்று முள் மைக்) துளையில் செருகாதீர்கள்.

எல்லாக் கருவிக்கும் மின்சாரம் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து, எர்த் உள்ள மூன்று முள் நீட்டிப்புப் பெட்டி வழியாகப் போகட்டும். ஒன்று ஹாலிலிருந்தும் இன்னொன்று படுக்கையறையிலிருந்தும் போனால் 'ஹம்' வரும். அப்படி வந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பாதி நேரம் அங்கேதான் குற்றவாளி இருப்பான். எர்த் முள்ளை வெட்டிவிட்டால் ஹம் போய்விடும் என்று யாராவது யோசனை சொன்னால் காது கொடுக்காதீர்கள், உயிர் போகும் காரியம் அது.

கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும், ஆனால் இன்டர்ஃபேஸும் பெட்டியும் செத்துவிடும். ஒரு சின்ன கம்ப்யூட்டர் யூபிஎஸ் இந்த இரண்டுக்கும் போதும். வீட்டு இன்வர்ட்டர் சதுர அலை வகையாக இருந்தால் அதில் ஓடும்போது இரைச்சல் வரும், அதையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

பத்து எக்ஸ்எல்ஆர் கேபிளை ரெடிமேடாக வாங்கினால் செலவு எகிறும். சாலிடரிங் தெரிந்தால் சென்னையில் ரிச்சி தெருவில் கனெக்டரும் மைக் கேபிளும் வாங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். 1-ஆம் முள் ஷீல்டு, 2 ஹாட் (hot), 3 கோல்டு (cold). பத்திலும் இதே வரிசை. ஒன்றில் 2-உம் 3-உம் மாறிவிட்டால் தனியாகக் கேட்கும்போது தெரியாது, பக்கத்து மைக்கோடு கலக்கும்போதுதான் ஒலி சவசவ என்று போகும். இரு முனையிலும் ஒரே நிற டேப் சுற்றுங்கள்.

உட்காரும் இடம்

ட்ராக் தனித்தனியாக வந்தாலும் ஒலி தனித்தனியாக வராது. ஒரே அறையில் ஐந்து பேர் உட்கார்ந்தால் பாட்டு மைக்கில் மிருதங்கம் விழத்தான் செய்யும். அதை ஒழிக்க முடியாது, அழகாக விழ வைக்கலாம்.

மேடையில் பாடகருக்கு வலப்பக்கம் மிருதங்கம், இடப்பக்கம் வயலின். இந்த அமைப்பை மாற்ற கலைஞர்களுக்கு மனம் இருக்காது, கண்ணும் கண்ணும் பேசும் தூரம் அவர்களுக்குப் பழகியது. மாற்றவும் தேவையில்லை, பாட்டுக்கு எட்டு வடிவத்தில் கேட்கும் மைக் இருந்தால். அது முன்னாலும் பின்னாலும் மட்டும் கேட்கும், இரு பக்கமும் அதற்குச் செவிடு. மிருதங்கமும் வயலினும் அந்த இரண்டு பக்கத்தில்தானே இருக்கின்றன! மைக்கின் பின்புறம் கேட்கும் என்பதால் அந்தப் பக்கம் ஒரு கொடியில் தடித்த ஜமுக்காளம் தொங்க விடுங்கள்.

சாதாரண கார்டியாய்ட் மைக் மட்டும் இருந்தால், அதன் செவிட்டுப் பக்கம் முதுகு. மிருதங்கக்காரரைப் பாடகருக்கு எதிரே, மைக்கின் முதுகுப் பக்கம் உட்காரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். ஒப்புக்கொண்டால் நல்லது.

தூரத்துக்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. ஒரு மைக் தன் கருவியிலிருந்து ஒரு ஜாண் தள்ளி இருந்தால், அடுத்த மைக் அந்த மைக்கிலிருந்து குறைந்தது மூன்று ஜாண் தள்ளி இருக்க வேண்டும்.

மிருதங்கத்தை நான் கொஞ்சம் அதிகமாகவே கவனிப்பேன், தப்பு நடப்பது அங்கேதான். வலந்தலைக்கு ஒரு சின்ன கண்டென்சர், தோலிலிருந்து ஒரு ஜாண் தள்ளி, கரணையை (நடுவிலுள்ள கறுப்பு வட்டத்தை) நேராகக் குறி பார்க்காமல் ஓரத்தை நோக்கி. தொப்பிக்கு எஸ்எம்57 போன்ற டைனமிக். இரண்டையும் வைத்தபின் ஒன்றாகக் கேளுங்கள். வலந்தலையில் அடிக்கும்போது அந்தத் தோல் உள்ளே போகும், உள்ளிருக்கும் காற்று தொப்பித் தோலை வெளியே தள்ளும். இரு மைக்கும் ஒரே அடியை எதிரெதிராகக் கேட்கின்றன. ஆகவே தொப்பி ட்ராக்கில் அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பட்டனை அழுத்தியும் எடுத்தும் பாருங்கள், எதில் கும்கி (தொப்பியின் கனத்த நாதம்) கனமாகக் கேட்கிறதோ அதுவே சரி. இந்த ஒரு பட்டனுக்காக ஈக்வலைசரில் மணிக்கணக்காகப் போராடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தொப்பியில் ரவை அப்பி, சுருதி சேர்த்து முடித்த பிறகு இதைச் செய்யுங்கள், முன்னால் செய்தால் வீண்.

கடத்துக்கு ஒரே மைக் என்றால் வாய்க்கும் கழுத்துக்கும் பொதுவாக, ஒன்றரை ஜாண் உயரத்தில். வயலினுக்கு மேலிருந்து. தம்புரா எலக்ட்ரானிக் என்றால் மைக்கே வேண்டாம், நேராக லைன் இன்புட்.

சுருதி யார் காதில்?

சுருதிப் பெட்டியை அறையில் ஓடவிட்டால் அது பத்து மைக்கிலும் விழும், பிறகு ஒரு இடத்தை வெட்டி ஒட்ட முடியாது. சுருதியை ஹெட்ஃபோனில் கொடுங்கள். நான்கு பேருக்கு ஒரு சின்ன ஹெட்ஃபோன் ஆம்ப் போதும். பழைய வித்வான்கள் ஹெட்ஃபோனை விரும்பமாட்டார்கள். ஒரு காதை மூடி ஒரு காதைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொன்னால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

ஹெட்ஃபோனுக்கு ஒலி இன்டர்ஃபேஸின் உள் மிக்ஸரிலிருந்து நேராகப் போகட்டும், கணினி வழியாகச் சுற்றி வர வேண்டாம். அப்படிச் செய்தால் பஃபரை (கணினி ஒரு தடவைக்கு எடுத்துக்கொள்ளும் சாம்பிள் எண்ணிக்கையை) 512 அல்லது அதற்கு மேலும் தாராளமாக வைக்கலாம், கணினி திணறாது. கணினி வழியாகத்தான் கேட்க வேண்டும் என்றால் 128-க்கு இறக்க வேண்டியிருக்கும், பத்து ட்ராக்கோடு அது பழைய லேப்டாப்புக்குப் பாரம்.

வெள்ளோட்டம்

யாரையும் கூப்பிடுவதற்கு இரண்டு நாள் முன்பு இதைச் செய்யுங்கள். இன்டர்ஃபேஸில் ஒரு மைக், எட்டு சேனல் பெட்டியில் அதே வகை மைக் ஒன்று, இரண்டையும் ஒட்டினாற்போல் நிறுத்துங்கள். ரெக்கார்ட் போட்டு ஒரு கைதட்டல். பிறகு போனில் சுருதி செயலியை ஓடவிட்டு மைக்குகளுக்கு முன்னால் வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் வேறு வேலை பாருங்கள். திரும்பி வந்து இன்னொரு கைதட்டல், நிறுத்துங்கள்.

இரண்டு ட்ராக்கிலும் முதல் கைதட்டலைப் பெரிதாக்கிப் பாருங்கள். சில சாம்பிள் முன்பின் இருக்கலாம், இரண்டு பெட்டியின் மாற்றும் நேரம் வேறு என்பதால் அது இயல்பு. கடைசிக் கைதட்டலிலும் அதே வித்தியாசம் இருந்தால் தாளம் ஒன்றாக ஓடுகிறது. கூடியிருந்தால் கடிகார அமைப்பைத் திரும்பப் பாருங்கள். நடுவே சுருதியின் சீரான ஒலியில் 'டிக்' இருக்கிறதா என்று அங்கங்கே கேளுங்கள். பாட்டில் ஒளிந்துகொள்ளும் 'டிக்', சுருதியில் ஒளிய முடியாது. அந்த ஒரு மணி நேரத்தில் பெட்டி எவ்வளவு சூடாகிறது என்றும் தொட்டுப் பாருங்கள். இந்த மெலிந்த பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நடுவில் காற்றுப் போக இடம் விடுவது நல்லது.

அன்றைக்கு

ஃபேன், ஏசி இரண்டையும் நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் அறையின் மௌனத்தைப் பதிவு செய்யுங்கள், பிறகு இரைச்சலை நீக்க உதவும். மே மாதத்தில் இதைக் கேட்டால் கலைஞர்கள் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள். காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் வெயிலும் ஆட்டோ சத்தமும் குறைவு. காகங்களுக்கு மட்டும் பரிகாரம் கிடையாது.

அளவு வைக்கும்போது "கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க" என்று கேட்டால் மிருதங்கக்காரர் பணிவாக நாலு சொல் வாசிப்பார். அதை நம்பி கெய்ன் வைக்காதீர்கள். "தனி ஆவர்த்தனத்துல கடைசிக் கோர்வை எப்படி வாசிப்பீங்களோ அப்படி வாசிங்க சார்" என்று கேளுங்கள். அதில் உச்சம் மைனஸ் 10 டெசிபெல்லைத் தாண்டாமல் வையுங்கள். 24 பிட்டில் குறைவாக எடுத்தாலும் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம், முட்டி உடைந்த ஒலியை ஒன்றும் செய்ய முடியாது. பாட்டுக்கும் அப்படியே, தாரஸ்தாயியில் ஒரு கார்வை பிடிக்கச் சொல்லி வையுங்கள்.

எல்லா மைக்கின் முன்னாலும் வரிசையாகப் போய் அதன் பெயரைச் சொல்லி விரலால் சொடுக்குப் போடுங்கள். திரையில் அந்த ட்ராக்தான் ஆடுகிறதா என்று ஒருவர் பார்க்கட்டும். தொப்பியும் கடமும் இடம் மாறியிருப்பது இங்கேதான் பிடிபடும். பிறகு ஐந்து நிமிடம் ஒரு வர்ணம் பதிவு செய்து, எல்லோரையும் உட்கார வைத்துப் போட்டுக் காட்டுங்கள். அவர்களுக்கு ஒரு தெம்பு, உங்களுக்கு ஒரு சோதனை.

முடிந்ததும் கேபிளைச் சுருட்டக் கை பரபரக்கும். பொறுங்கள். முதலில் பதிவான ஃபோல்டர் முழுவதையும் வேறொரு டிஸ்குக்குப் பிரதி எடுத்து, பிரதியைத் திறந்து மூன்று நான்கு இடங்களில் கேளுங்கள். அப்புறம் இரண்டு பெட்டிகளின் முன்பக்கத்தையும், குமிழ்கள் எந்த அளவில் நிற்கின்றன என்று தெரியும்படி, போனில் படம் எடுங்கள். ஒவ்வொருவர் உட்கார்ந்த இடத்திலும் தரையில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். பல்லவியை இன்னொரு முறை எடுக்கலாம் என்று நாளைக்குப் பாடகர் போன் செய்வார்.